அடைப்பான் தடுப்பூசி தந்த லூயி பாஸ்டர்: குப்பிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி

கால்நடை வளர்க்கும் விவசாயிகளே, தடுப்பூசி போட வரும் மருத்துவர் மருந்துக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவருகிறார். குப்பியைத் திறந்ததும் மாடுகளை வரிசையாகப் பிடித்துக் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். மீதியிருக்கும் மருந்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் கூடாது என்கிறார். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

காரணம் எளிமையானது. சில தடுப்பூசிகளில் இருப்பது செத்த பொருள் அல்ல. நோய் தரும் கிருமியையே பலம் குறைத்து உயிரோடு அடைத்திருக்கிறார்கள். அது உயிரோடு இருந்தால்தான் உங்கள் மாட்டுக்குப் பாதுகாப்பு. இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டியவர் லூயி பாஸ்டர். குப்பிக்குள் இருப்பது எது, அதன் பலம் மாறாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் அவரைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் மருத்துவரின் அவசரம் உங்களுக்கும் புரியும்.

தோல் பதனிடுபவரின் மகன்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள தோல் என்ற ஊரில் 1822 டிசம்பர் 27 அன்று பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் வீரராக இருந்தவர். பிறகு ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் பதனிடும் தொழில் செய்தார். அருகில் உள்ள ஆர்புவா என்ற சிற்றூரில்தான் பாஸ்டர் வளர்ந்தார். சிறுவயதில் படம் வரைவதில் கெட்டிக்காரர். பிறகு பாரிசுக்குச் சென்று வேதியியல் படித்தார்.

ஒன்றை மனதில் வையுங்கள். அவர் மனித மருத்துவரும் அல்ல, கால்நடை மருத்துவரும் அல்ல. ஆனால் ஒரு பொருளை உற்றுப் பார்த்து, அது இன்னதுதான் என்று உறுதி செய்த பிறகே அடுத்த அடி வைக்கும் பழக்கம் அவருக்கு வேதியியலில் வந்தது. 1854-ல் லில் நகரக் கல்லூரிக்குப் போனபோது, சாராயம் காய்ச்சும் ஆலைகளில் ஊறல் புளித்துப்போவதற்குக் காரணம் தேடினார். நல்ல ஊறலில் ஒரு வகை நுண்ணுயிர், கெட்ட ஊறலில் வேறொரு வகை. எந்த உயிர் உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும் என்று அங்கே கண்டுகொண்டார்.

பட்டுப்புழு கற்றுத்தந்த பாடம்

1865-ல் பிரான்சின் தெற்குப் பகுதியில் பட்டுப்புழுக்கள் பெப்ரின் நோயால் மடிந்துகொண்டிருந்தன. பட்டு விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டுக்கூடப் பார்க்காத பாஸ்டர் அலே என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகள் அங்கே உழைத்து ஒரு வழி சொன்னார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். நோய்க்கிருமி தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுங்கள். தெரியாவிட்டால் மட்டும் வளருங்கள். பட்டு வளர்க்கும் விவசாயியாக நீங்கள் இருந்தால் இது உங்களுக்குப் புதிதல்ல. நம் முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய் அந்துப்பூச்சிச் சோதனை இன்றும் நடக்கிறது.

அந்த ஆண்டுகள் அவருக்குக் கொடுமையானவை. 1859-ல் மூத்த மகள் டைபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தாள். 1865-ல் இன்னொரு மகளும் 1866-ல் மற்றொரு மகளும் போய்ச் சேர்ந்தார்கள். 1868-ல் பக்கவாதம் வந்து உடலின் இடது பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45. அதன் பிறகு அவர் மனதில் நினைத்த பல சோதனைகளை உதவியாளர்களின் கைகளே செய்தன. தடுப்பூசி வேலை முழுவதும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பழைய குப்பியும் பிழைத்த கோழிகளும்

துலூசு நகரக் கால்நடை மருத்துவர் துசேன் என்பவர், கோழிக் காலரா நோய்க் கிருமியைப் பாஸ்டருக்குக் கொடுத்தார். பாஸ்டர் அதைக் கோழி இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். புதிதாக வளர்த்த சாற்றில் ஒரு சொட்டு போதும், கோழி செத்துவிடும். ஆனால் 1879 வாக்கில், வாரக்கணக்கில் காற்றுப்பட வைத்திருந்த பழைய சாற்றைச் செலுத்தியபோது கோழிகள் சற்றுச் சோர்ந்து, பிறகு எழுந்து நடந்தன. அதே கோழிகளுக்குப் பின்னர் புதிய, பலமான கிருமியைக் கொடுத்தும் பல பிழைத்துக்கொண்டன.

கோடை விடுமுறையில் மறந்துவிட்ட குப்பி என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். அதன் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது. கிருமியை எத்தனை நாள் காற்றுப்பட வைக்கிறோமோ அந்த அளவுக்குப் பலம் குறைகிறது; காற்றுப் புகாமல் குழாயை உருக்கி மூடினால் மாதக்கணக்கில் பலம் அப்படியே இருக்கிறது என்று கண்டார். 1880-ல் இதை அறிவித்தார். கிருமியின் பலம் நிலையானது அல்ல. நாளும் காற்றும் அதை மாற்றும் என்பது அப்போது புதுச் செய்தி.

உங்கள் மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பான் நோய்க் கிருமியும் இதே இனம்தான். பாஸ்டுரெல்லா என்று அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

மண்ணுக்குள் இருந்து வந்த அடைப்பான்

அடுத்து அவர் கையில் எடுத்தது ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய். பிரான்சில் ஆடுகளையும் மாடுகளையும் அது வாரிக்கொண்டு போனது. ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1876-ல் அந்தக் கிருமியின் வாழ்க்கையை விளக்கியிருந்தார். அது விதை போன்ற ஸ்போர்களாக மாறி மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. செத்த ஆடுகளைப் புதைத்த இடத்தில் மேயும் ஆடுகளுக்கு எப்படி நோய் வருகிறது என்று பாஸ்டர் வயல்வெளியில் தேடினார். மண்புழுக்கள் மேலே தள்ளும் மண்ணில் ஸ்போர்கள் இருப்பதைக் கண்டார். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காதீர்கள், மேய்ச்சல் நிலத்தில் புதைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு அடிப்படை இதுதான்.

இந்தக் கிருமியின் பலத்தைக் குறைப்பது எளிதாக இல்லை. ஸ்போராக மாறிவிட்டால் காற்றும் நாளும் அதை ஒன்றும் செய்வதில்லை. எனவே ஸ்போராக மாறவிடாமல் வளர்க்க வேண்டும். 42 முதல் 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்த்தால் கிருமி வளரும், ஆனால் ஸ்போர் உண்டாகாது என்று அவரும் உதவியாளர்கள் சாம்பர்லான், ரூ ஆகியோரும் கண்டார்கள். அந்த வெப்பத்தில் நாளாக ஆக கிருமியின் பலம் படிப்படியாகக் குறைந்தது.

பலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள உயிருள்ள அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். சுண்டெலியைக் கொன்று கினிப்பன்றியைக் கொல்லாவிட்டால் அது முதல் தடுப்பூசிக்கு ஏற்ற பலம். கினிப்பன்றியையும் கொன்றால் இரண்டாம் தடுப்பூசிக்கு ஏற்ற பலம். வேண்டிய பலத்துக்கு வந்ததும் வெப்பத்தைக் குறைத்து ஸ்போராக மாறவிட்டார்கள். பலம் குறைந்த கிருமியின் ஸ்போர் முளைத்தால் அதுவும் பலம் குறைந்ததாகவே இருந்தது. குறைத்த பலத்தை அப்படியே பூட்டிவைக்க ஒரு வழி கிடைத்தது.

பூயி-லெ-ஃபோர் பண்ணை

1881-ல் மெலன் பகுதி விவசாயிகள் சங்கம் பாஸ்டருக்கு ஆடுகளைத் தந்து ஊரறியச் சோதனை செய்துகாட்டச் சொன்னது. ஏற்பாடு செய்த கால்நடை மருத்துவர் ரோசிஞோல் பாஸ்டரை நம்பாதவர். பாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

மே 5 அன்று பூயி-லெ-ஃபோர் பண்ணையில் 24 செம்மறி ஆடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு முதல் ஊசி. மே 17-ல் இரண்டாம் ஊசி. இன்னொரு பக்கம் 24 செம்மறி ஆடுகள், ஒரு வெள்ளாடு, 4 மாடுகள் ஊசி போடாமல் விடப்பட்டன. மே 31 அன்று எல்லாவற்றுக்கும் பலமான அடைப்பான் கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2 அன்று விவசாயிகளும் மருத்துவர்களும் பத்திரிகைக்காரர்களும் கூடினார்கள். ஊசி போடாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக்கிடந்தன. மீதியும் அன்று மாலைக்குள் செத்தன. ஊசி போடாத மாடுகள் பிழைத்தாலும் காய்ச்சலும் பெரிய வீக்கமும் கண்டன. ஊசி போட்டவை நின்று மேய்ந்தன. அவற்றில் ஒரு சினை ஆடு மட்டும் பிறகு இறந்தது. வயிற்றில் குட்டி முன்பே இறந்திருந்தது.

பெயர் வந்தது, புகாரும் வந்தது

பல ஊர்களில் இருந்தும் நாடுகளில் இருந்தும் தடுப்பூசி கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. பாரிசில் தயாரித்த ஊசி மருந்து குழாய்களில் அடைத்து வெளியூருக்குப் போனது. பண்ணையில் பாஸ்டரின் ஆட்கள் கையால் போட்டபோது வேலை செய்தது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. சில இடங்களில் மருந்து பலமற்றுப்போய் ஆடுகள் பிறகு நோயில் செத்தன. சில இடங்களில் பலம் அதிகமாகி ஊசியாலேயே ஆடுகள் செத்தன. ராபர்ட் கோக் அந்த மருந்தைச் சோதித்து, அதில் வேறு கிருமிகளும் கலந்திருக்கின்றன, பலமும் சீராக இல்லை என்று கடுமையாக எழுதினார். பாஸ்டருக்கும் கோக்குக்கும் பெரிய சண்டையே நடந்தது.

1882-ல் இத்தாலியின் தூரின் நகரக் கால்நடைக் கல்லூரி தானே சோதனை செய்தது. தடுப்பூசி போட்ட ஆடுகளும் செத்துப்போயின. பாஸ்டர் விசாரித்தார். சோதிக்கப் பயன்படுத்திய ரத்தம், செத்து ஒரு நாளுக்கு மேல் ஆன ஆட்டில் இருந்து எடுத்தது. அத்தனை நேரத்தில் ரத்தத்தில் வேறு அழுகல் கிருமிகள் புகுந்துவிடும். ஆடுகளைக் கொன்றது அடைப்பான் மட்டும் அல்ல என்பது அவருடைய வாதம். யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். குழாயில் இருப்பது எந்தக் கிருமி, அது மட்டும்தானா என்று தெரியாவிட்டால் சோதனைக்கும் மதிப்பில்லை, ஊசிக்கும் மதிப்பில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் விளங்கியது.

பலம் மாறுவதில் இன்னொரு விந்தையையும் அவர் கண்டார். பன்றிகளின் எரிசிப்பெலஸ் நோய்க் கிருமியைப் புறா வழியாக அடுத்தடுத்துச் செலுத்தினால் பன்றிக்கு அதன் கொடுமை கூடியது. முயல் வழியாகச் செலுத்தினால் குறைந்தது. அந்தக் கிருமியைக் கண்டறிந்த இளம் உதவியாளர் துயிலியே, 1883-ல் எகிப்தில் காலரா ஆராய்ச்சிக்குப் போய் அந்த நோயாலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 30 கூட நிறையவில்லை.

குறைகள் இருந்தும் அடைப்பான் ஊசியின் பயன் பெரிது. அடுத்த சுமார் 12 ஆண்டுகளில் பிரான்சில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளுக்கு ஊசி போடப்பட்டது. 100 ஆட்டுக்கு 9 அல்லது 10 என்று இருந்த சாவு, ஊசி போட்ட மந்தைகளில் 1 என்ற அளவுக்கு வந்தது.

மூடிவைத்த குறிப்பேடுகள்

பாஸ்டரின் பெருமையோடு அவருடைய ஒரு தவறையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தம்முடைய ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளை வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டார். 1964-ல் பேரன் அவற்றைப் பாரிசு தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் படித்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் 1995-ல் ஒரு நூல் எழுதினார். பூயி-லெ-ஃபோர் பண்ணையில் போட்டது வெப்பத்தாலும் காற்றாலும் பலம் குறைத்த மருந்து அல்ல. சாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனத்தால் பலம் குறைத்த மருந்து என்பது வெளியில் வந்தது. துசேனும் ரசாயன வழியில்தான் முயன்றுகொண்டிருந்தார். பாஸ்டர் ஊரை வேறு மாதிரி நம்பவிட்டார்.

ஊசி வேலை செய்தது உண்மை. ஆனால் குழாயில் இருந்தது சொன்ன பொருள் அல்ல. இன்று ஒரு தடுப்பூசி நிறுவனம் அப்படிச் செய்தால் சட்டம் விடாது. குப்பியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி உலகம் முழுவதும் இருக்கிறது.

1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஜோசப் மீஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போட்டதும், 1888-ல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டதும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1895 செப்டம்பர் 28 அன்று பாஸ்டர் காலமானார்.

அவருக்குப் பின் வந்த ஊசிகள்

அவருடைய அடைப்பான் ஊசியின் பலம் ஏன் சீராக இல்லை என்பதற்கு நூறு ஆண்டு கழித்துக் காரணம் தெரிந்தது. அடைப்பான் கிருமியின் நஞ்சுக்கான மரபுத் துணுக்கு அதிக வெப்பத்தில் வளர்க்கும்போது உதிர்ந்துவிடும். சில கிருமிகளில் உதிர்ந்தும் சிலவற்றில் உதிராமலும் இருந்தால் ஒவ்வொரு குழாயும் ஒரு பலம்.

தென்னாப்பிரிக்காவின் ஓண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வகத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1930-களில் வேறு வழி கண்டார். மேலுறையை இழந்துவிட்ட ஒரு வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தார். மேலுறை இல்லாததால் அது நோய் தரும் சக்தியைப் பெரிதும் இழந்தது. ஆனால் பாதுகாப்பைத் தந்தது. இன்று நம் நாட்டில் போடும் அடைப்பான் ஸ்போர் தடுப்பூசி இந்த வகைதான். இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமும் இதைத் தயாரிக்கிறது.

கன்று வீச்சு நோய் என்னும் புருசெல்லோசிசுக்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போடும் எஸ் 19 ஊசியும் உயிருள்ள பாக்டீரியாதான். அமெரிக்காவில் ஒரு பசுவின் பாலில் இருந்து எடுத்த கிருமி, 1923 வாக்கில் ஆய்வகத்தில் ஓர் ஆண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்து பலம் குறைந்ததால் கிடைத்தது அது. பாஸ்டரின் பழைய கோழிக் காலராக் குப்பி உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா?

ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

குப்பி உங்கள் ஊருக்கு வருமுன் பாஸ்டரின் பழைய கேள்விகளையே கேட்கிறார்கள்.

முதலில், இது அந்தக் கிருமிதானா? சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்; தட்டில் வளர்த்து உருவம் பார்க்கிறார்கள்; மரபணுச் சோதனையும் செய்யலாம். அடைப்பான் ஊசி என்றால் மேலுறை இல்லாத வகைதானா என்று உறுதி செய்கிறார்கள்.

அடுத்து, வேறு கிருமி கலந்திருக்கிறதா? கோக் எழுப்பிய அதே கேள்வி.

பிறகு, எத்தனை உயிரோடு இருக்கின்றன? மருந்தைப் படிப்படியாக நீர்த்துத் தட்டில் விட்டு, முளைக்கும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். தயாரித்த அன்று எண்ணுவதோடு விடுவதில்லை. மாதக்கணக்கில் குளிரில் வைத்து மறுபடி எண்ணுகிறார்கள். குப்பியில் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதி இப்படிக் கிடைத்ததுதான். எஸ் 19 போல உறைய உலர்த்திய மருந்தில் ஈரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். ஈரம் கூடினால் கிருமி சீக்கிரம் சாகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

இத்தனை சோதனையும் வெயிலில் கிடக்கும் ஒரு குப்பியைக் காப்பாற்றாது. கடைசிச் சோதனை உங்கள் தொழுவத்தில்தான் நடக்கிறது.

• குப்பியின் மேல் நோயின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பேட்ச் எண்ணைக் குறித்து வையுங்கள். பிரச்சினை வந்தால் தேடிப்பிடிக்க உதவும்.

• 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வந்ததா என்று கேளுங்கள். மருத்துவர் வருமுன் மாடுகளை நிழலில் கட்டி வையுங்கள். குப்பி வெளியில் இருக்கும் நேரம் குறையும்.

• உறைய உலர்த்திய மருந்தை அதற்கென்று தந்த கரைப்பானில் மட்டுமே கலக்க வேண்டும். கலந்ததை உடனே போட்டு முடிக்க வேண்டும். மீதியை வைத்து மறுநாள் போடாதீர்கள்.

• அடைப்பான் ஸ்போர் மருந்து அடியில் படியும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குப்பியை மெதுவாகக் குலுக்க வேண்டும்.

• ஊசியை டெட்டால், ஸ்பிரிட் போன்றவற்றில் முக்கி அப்படியே பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய ஊசியோ புதிய ஊசியோ போதும்.

• சில நாட்களுக்குள் மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து நோய்க்கிருமியைக் கொல்வது போலவே தடுப்பூசிக் கிருமியையும் கொன்றுவிடும்.

• எஸ் 19 ஊசி மனிதர் மேல் குத்திவிட்டாலோ கண்ணில் தெறித்தாலோ காய்ச்சல் வரும். கன்றைப் பிடிக்கும் நீங்களும் கையுறை போடுங்கள். குத்திவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் இதைப் போடக்கூடாது.

• காலிக் குப்பிகளைத் தொழுவத்திலோ வயலிலோ எறியாதீர்கள். மருத்துவரிடமே கொடுத்துவிடுங்கள்.

• மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்தால் அடைப்பான் என்று சந்தேகப்படுங்கள். தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

பாஸ்டருக்கு ஐஸ் பெட்டியும் காலாவதி தேதியும் இருக்கவில்லை. அதற்கான விலையைப் பல ஊர்களின் ஆடுகள் கொடுத்தன. உங்கள் மாடு அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை தடுப்பூசி முகாம் நடக்கும்போது, குப்பியின் தேதியைப் பார்த்துவிட்டு மாட்டை நிழலில் பிடித்துக் கட்டுங்கள்.